தமிழோசைக்குப் பெயர் சூட்டியவர்: சோ. சிவபாதசுந்தரம்

சில பெயர்கள் மக்கள் நாவில் நிலைத்துவிடுகின்றன. அப்பெயர்களைச் சூட்டியவர்கள் அந்த அளவுக்கு நினைவில் நிற்பதில்லை. ‘தமிழோசை’ என்ற பெயரும் அப்படிப்பட்டதே. நம் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். லண்டனிலிருந்து பிபிசி நிறுவனம் நடத்திய தமிழ் வானொலிதான் அவர்கள் நினைவுக்கு வரும். 1941 மே 3ஆம் நாள் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாள் நிறைவுற்றது. ஏறக்குறைய 76 ஆண்டுகள்! திரைப்பாடல்களை நம்பாமல், பேச்சை மட்டுமே நம்பி ஒரு தமிழ் வானொலி இத்தனை காலம் நேயர்களைக் கட்டிப்போட்டது என்பது சாதாரணச் செய்தி அன்று.

அந்த வானொலிக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் சோ. சிவபாதசுந்தரம். ஈழத்தில் பிறந்து, பத்திரிகையாசிரியராக வளர்ந்து, கொழும்பிலும் லண்டனிலும் ஒலிபரப்பாளராகப் பணியாற்றி, சென்னையில் இலக்கிய வரலாற்றாசிரியராக மலர்ந்தவர். தமிழ் இலக்கியம் படிப்போர் அவரை நாவல், சிறுகதை வரலாற்று நூல்களின் ஆசிரியராக அறிவர். வானொலித் துறையினர் ‘ஒலிபரப்புக் கலை’ நூலின் ஆசிரியராக அறிவர். இரண்டு துறையினரும் போற்றுவது ஒரே மனிதரைத்தான். அந்த இரு பாதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சிறு விளக்கம். சிவபாதசுந்தரம் என்ற பெயரில் ஈழத்தில் மற்றோர் அறிஞரும் வாழ்ந்தார். அவர் சு. சிவபாதசுந்தரனார், சைவ சமய நூல்கள் பல எழுதியவர், சுழிபுரம் விக்டோரியாக் கல்லூரியின் தலைமையாசிரியராக விளங்கியவர். நம் கட்டுரைக்குரியவர் ‘சோ’. தலைப்பெழுத்தை மறந்தால் ஆளே மாறிவிடுவார்.

கரம்பனிலிருந்து சுன்னாகத்திற்கு

சோ. சிவபாதசுந்தரம் 1912ஆம் ஆண்டு பிறந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் ஊர்காவற்றுறையை அடுத்துள்ள கரம்பன் அவருடைய ஊர். மலேசியாவிலிருந்து வந்த எனக்கு இந்த ஊரின் பெயர் ஏற்கெனவே பழக்கமானது. கோலாலம்பூரில் 1966ஆம் ஆண்டு முதல் உலகத் தமிழ் மாநாடு நடப்பதற்குக் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகளும் அதே கரம்பனில் பிறந்தவர்தான். அவர் பிறந்தது 1913இல். ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரு சிறு கிராமம் தமிழை உலகெங்கும் கொண்டு சென்ற இருவரைத் தந்திருக்கிறது. ஒருவர் மாநாட்டின் வழியாக, மற்றவர் ஒலிவாங்கியின் வழியாக.

சிவபாதசுந்தரத்தின் பொதுவாழ்வு அச்சுத் துறையில் தொடங்கியது. சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நடத்திவந்த நா. பொன்னையா 1930இல் ‘ஈழகேசரி’ என்ற வார இதழைத் தொடங்கினார். நம் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியது 1935இல் என்பதை நினைவிற்கொண்டால் காலம் விளங்கும். கடல் கடந்த தமிழர்கள் தமக்கென்று பத்திரிகை வேண்டும் என்று உணர்ந்து எழுந்த காலம் அது. 1930களின் பிற்பகுதியில் ஈழகேசரியின் ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது சிவபாதசுந்தரத்திற்கு வயது முப்பதைக்கூட எட்டவில்லை.

ஈழத்தின் நவீன இலக்கியம் முளைவிட்ட நாற்றங்கால் ஈழகேசரி எனலாம். இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் என்று ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளாக இன்று நாம் படிக்கும் மூவரும் அவ்விதழில் எழுதியவர்கள். ஒரு வார இதழின் ஆசிரியருக்கு இரண்டு வேலைகள் உண்டு. நல்ல எழுத்தை அடையாளம் காண வேண்டும். அந்த எழுத்து பண்டிதருக்கும் புரிய வேண்டும், சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டிருந்தாலும் புரிய வேண்டும். எழுத்தைக் காதால் சோதிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அந்தச் சோதனையாகவே அமைந்தது.

போரும் வானொலியும்

1940களின் தொடக்கத்தில் அவர் ஈழகேசரியை விட்டுக் கொழும்பு வானொலியில் சேர்ந்தார். இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16ஆம் நாளே தொடங்கிவிட்டது. தந்தித் துறைப் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் அதற்கு வித்திட்டார். ஆசியாவின் மிகப் பழைய வானொலி நிலையங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

இரண்டாம் உலகப்போர் வானொலியை ஆயுதமாக மாற்றியிருந்த காலம் அது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பின்னர் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி இங்கிருந்தே இந்திய மொழிகளில் ஒலித்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. மறுபுறம் பிரிட்டிஷார் லண்டனிலிருந்து இந்திய மொழிகளில் பேசத் தொடங்கியிருந்தனர். இந்துஸ்தானி 1940 மே மாதத்திலும், தமிழ் 1941 மே மாதத்திலும், வங்காளம் அதே ஆண்டு அக்டோபரிலும் தொடங்கின. ஒரே வானத்தில் இரு தரப்பும் ஒரே தமிழில் மோதிக்கொண்டன. தமிழ் வானொலிப் பேச்சு நம் வட்டாரத்தில் வளர்ந்தது இந்தப் போட்டியின் நடுவேதான்.

இலங்கைக்கு இந்தப் போரால் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. தென்கிழக்காசியாவில் போரிட்ட நேசநாட்டுப் படையினருக்காக ‘ரேடியோ சியாக்’ என்ற நிலையம் இலங்கையில் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அதன் ஆற்றல்மிக்க ஒலிபரப்பிக் கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. பின்னாளில் இலங்கை வானொலி தமிழகத்தின் தேநீர்க் கடைகளில் எல்லாம் கேட்டதற்கு அந்தக் கருவி முதல் காரணம். 1952 முதல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியது இன்னொரு காரணம்.

லண்டனில் ஒரு தமிழ்க் குரல்

லண்டன் தமிழ் ஒலிபரப்பு முதலில் வாரம் ஒருமுறை படிக்கப்படும் செய்தி மடலாகவே பிறந்தது. போர்க்காலத்தில் அதன் பெரும் பகுதி ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டது. ‘விலங்குப் பண்ணை’, ‘1984’ ஆகிய நாவல்களால் நாம் அறிந்த ஜார்ஜ் ஆர்வெல் 1941 முதல் 1943 வரை பிபிசியின் கீழைத்தேயப் பிரிவில் பணியாற்றினார். அவர் எழுதிய செய்தி விளக்கங்களும் தமிழாக்கப்பட்டு வாசிக்கப்பட்டன என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆர்வெலின் ஆங்கிலம் தெளிவானது. எனினும் மடல் எழுதியவர் ஒருவர், மொழி மாற்றியவர் மற்றொருவர், கேட்பவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவர் என்ற நிலையில் அது உரையாடலாக மலர்வது கடினம்.

போர் முடிந்தது. 1947இல் சிவபாதசுந்தரம் லண்டன் சென்று பிபிசியின் தமிழ் நிகழ்ச்சிப் பொறுப்பை ஏற்றார். 1949 வரை அங்கே இருந்தார். அந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் கொல்லப்பட்டார். ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 4ஆம் நாள், இலங்கை விடுதலை பெற்றது. யாரை ஆண்டார்களோ அந்த மக்களிடம் ஆண்டவர்களின் தலைநகரிலிருந்து பேச வேண்டிய ஒலிபரப்பு அது. போர்க்காலத்து அதிகாரக் குரல் இனி எடுபடாது. புதிய குரல் ஒன்று வேண்டும். அக்குரலுக்கு ஒரு பெயரும் வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்த பெயர் ‘தமிழோசை’. பாரதியார் பாடிய சொல் அது. பிபிசியின் சிங்கள ஒலிபரப்பு ‘சந்தேசய’ என்ற பெயரில் அறியப்பட்டது; செய்தி என்று பொருள். தமிழ் ஒலிபரப்பின் பெயரிலோ லண்டனும் இல்லை, செய்தியும் இல்லை. தமிழின் ஓசை என்பது மட்டுமே உண்டு. ஊர், நாடு, அரசு எதையும் சுட்டாத பெயர். யாழ்ப்பாணத்தாரும் நாகர்கோவில்காரரும் ஈப்போத் தோட்டத்துத் தொழிலாளியும் தத்தம் வீட்டுப் பெயராக ஏற்றுக்கொள்ளக்கூடிய பெயர்.

ஒரு பெயரின் வலிமை

பெயர்தானே, இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. தமிழகத்தில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அகில இந்திய வானொலிக்கு ‘ஆகாசவாணி’ என்ற பெயர் 1950களில் பரவலாக்கப்பட்டபோது தமிழகம் அதனை ஏற்கவில்லை. ‘வானொலி’ என்ற சொல் நம்மிடம் இருக்க வேறு சொல் எதற்கு என்று கேட்டது. 2023ஆம் ஆண்டு மே மாதம் ஆகாசவாணி என்ற பெயரையே எங்கும் பயன்படுத்த வேண்டும் என்ற உத்தரவு வந்தபோதும் அதே எதிர்ப்பு எழுந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறாத புண் அது. காற்றில் கரைந்துபோகும் ஓர் அறிவிப்புச் சொல்லுக்காக மக்கள் இவ்வளவு தூரம் வாதாடுகிறார்கள் என்றால், வானொலியின் பெயர் நேயரின் உரிமையைத் தொடுகிறது என்றே பொருள்.

‘தமிழோசை’ என்ற பெயருக்கு அத்தகைய சோதனை நேரவில்லை. அதை அறிவித்தவர்களும் கேட்டவர்களும் அது தமக்கே உரியது என்று எண்ணினார்கள்.

இந்தப் பெயரில் எனக்கு வேறொரு நுட்பமும் தென்படுகிறது. தமிழ் எழுத்தில் நாம் பல இடங்களில் பிரிந்து நிற்கிறோம். கனடாவின் பெருநகரை இலங்கைத் தமிழர் ‘ரொறொன்ரோ’ என்று எழுதுவர். தமிழகத்தார் ‘டொராண்டோ’ என்பர். தொலைக்காட்சியை அங்கே ‘ரிவி’ என்றும் இங்கே ‘டிவி’ என்றும் எழுதுவர். எது சரி என்று நூறு பக்கம் விவாதிக்கலாம். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அச்சொல்லைச் சொல்லிவிட்டால் விவாதமே எழாது. நகரம் ஒன்றுதான் என்பது காதுக்குத் தெரிந்துவிடும். ஏடு பிரித்த தமிழரை ஓசை சேர்க்கிறது. இலங்கையில் பத்திரிகையாசிரியராக இருந்தவருக்கு இந்த உண்மை நன்கு தெரிந்திருக்கும்.

ஒலிபரப்பு ஒரு கலை

லண்டனிலிருந்து திரும்பிய சிவபாதசுந்தரம் 1954இல் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலை வெளியிட்டார். வானொலித் தொழிலைப் பற்றித் தமிழில் எழுந்த முன்னோடி நூல் இது. தலைப்பில் உள்ள ‘கலை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அக்காலத்தில் ஒலிபரப்பு என்பது பொறியியலாளரின் வேலை. கோபுரம், கம்பி, கருவி, அலைவரிசை என்பவையே அதன் பெருமை. பேசுவது யாராலும் முடியும் என்ற எண்ணம் நிலவியது. நல்ல குரல் இருந்தால் போதும், பண்டிதத் தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைத்தார்கள். இல்லை, இது கற்றுக்கொள்ள வேண்டிய கலை, கற்பிக்கவும் முடிந்த கலை என்று அந்தத் தலைப்பு உறுதியாகச் சொன்னது.

ஏன் கற்க வேண்டும்? ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நம் ஊர்ச் செய்தி ஒன்றை நாளிதழ் இப்படி எழுதலாம்: நேற்று மாலை ஜூரோங் கிழக்கில் பெய்த கனமழையால் வேரோடு சாய்ந்த மரத்தின் கீழ் நின்றுகொண்டிருந்த இருவரில் எவரும் காயமடையவில்லை. ஏட்டில் இது பிழையற்ற வாக்கியம். புரியாவிட்டால் மீண்டும் படித்துக்கொள்ளலாம். வானொலி நேயருக்கு அந்த வசதி இல்லை. மழையிலிருந்து மரத்திற்கும், மரத்திலிருந்து மனிதர்களுக்கும் அவர் ஒரே மூச்சில் தாவ வேண்டும். என்ன நடந்தது என்பதை அறியக் கடைசிச் சொல் வரை காத்திருக்கவும் வேண்டும்.

இதில் தமிழுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. நம் மொழியில் வினைச்சொல் இறுதியில் வரும். ஆம், இல்லை என்ற முடிவு அந்த வினையின் வாலில் ஒளிந்திருக்கும். பழைய ஒலிபரப்புகள் சிற்றலையில் வந்தவை. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் தெறித்து ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும். அந்த அடுக்கு நிலையாக இருப்பதில்லை. அதனால் ஒலி அலைபோல் உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்கும். இடையிடையே மறைந்தும் போகும். ‘காயமடையவில்லை’ என்ற சொல்லின் கடைசி இரண்டு அசைகள் மறைந்தால் என்ன ஆகும்? யாருக்கும் ஒன்றுமில்லை என்ற செய்தி, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்ற பதற்றமாக மாறிவிடும். போர்க்காலத்தில் இது வெறும் இலக்கணச் சிக்கல் ஆகாது. மகனைப் பற்றிய செய்திக்காகக் காத்திருக்கும் தாய்க்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஆகவே வானொலிக்காரர் வாக்கியத்தை உடைக்க வேண்டும். ஜூரோங் கிழக்கில் நேற்று மாலை கனமழை. மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. அதன் கீழ் இருவர் நின்றிருந்தார்கள். இருவருக்கும் காயம் இல்லை. நான்கு சிறு வாக்கியங்கள். ஒன்று தவறினாலும் மற்றது கைகொடுக்கும். இது மொழியைத் தாழ்த்துவதாகாது; கேட்பவரை மதிப்பதாகும்.

சொல் தேர்விலும் இதே மதிப்பு வேண்டும். இலங்கையில் வைத்தியசாலை, தமிழகத்தில் மருத்துவமனை, நம் பாட்டிமார் வாயில் ஆஸ்பத்திரி. இலங்கையில் மாநகரசபை, தமிழகத்தில் மாநகராட்சி. ஒரே அரைமணி நேரத்தில் இத்தனை பேரிடமும் பேசுகிறவர் யாரையும் அந்நியராக்காத பொதுத்தமிழைத் தேட வேண்டும். தமிழோசை காலப்போக்கில் அடைந்த நடை அப்படிப்பட்டது. கேட்டவுடன் இன்ன ஊர்த் தமிழ் என்று சொல்லிவிட முடியாது. எந்த ஊராருக்கும் புரியாமலும் போகாது.

நாடகத்தில் நிலைமை வேறு. அங்கே பொதுத்தமிழ் செல்லுபடியாகாது. வீட்டில் பேசுவதைப் போலப் பேசினால்தான் நேயர் நம்புவார். இலங்கை வானொலியில் இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை வானலையில் ஏற்றியது. ‘சானா’ என்று அழைக்கப்பட்ட சண்முகநாதனின் நாடகத் தயாரிப்புகளும் அப்படியே புகழ்பெற்றன. நம் சிங்கப்பூர் வானொலியில் புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ அடுக்குமாடி வீட்டுத் தமிழர்களின் பேச்சையே மூலதனமாகக் கொண்டது. செய்திக்கு ஒரு தமிழ், நாடகத்திற்கு ஒரு தமிழ், உரைக்கு ஒரு தமிழ். எது எங்கே என்று அறிவதுதான் ஒலிபரப்புக் கலையின் பாதி.

அடிச்சுவடுகளைத் தேடி

சிவபாதசுந்தரத்தின் எழுத்துலகம் வானொலியோடு முடிந்துவிடவில்லை. ‘மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்’, ‘கௌதம புத்தர் அடிச்சுவட்டில்’, ‘சேக்கிழார் அடிச்சுவட்டில்’ என்று மூன்று பயண நூல்களை அவர் எழுதினார். அப்பெரியோர் வாழ்ந்த, நடந்த ஊர்களை நேரில் சென்று பார்த்து எழுதப்பட்டவை இவை. வரலாற்றை ஏட்டில் மட்டும் தேடாமல் மண்ணிலும் தேடியவர் அவர். இலங்கைத் தமிழர் ஒருவர் புத்தரைத் தேடி நடந்து தமிழில் எழுதினார் என்பதே தனிச் சிறப்பு. பௌத்தம் சிங்களவருக்கும் சைவம் தமிழருக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்ட நாட்டில் பிறந்தவர், மாணிக்கவாசகரையும் புத்தரையும் ஒரே ஆர்வத்தோடு பின்தொடர்ந்திருக்கிறார்.

பின்னர் சென்னையில் வாழ்ந்த காலத்தில் ‘சிட்டி’ பெ. கோ. சுந்தரராஜனோடு இணைந்து இரு பெரும் நூல்களை எழுதினார். சிட்டி மணிக்கொடி எழுத்தாளர். அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர். இரு வானொலிக்காரர்கள் சேர்ந்து தமிழின் உரைநடை இலக்கியத்திற்கு வரலாறு எழுத அமர்ந்தார்கள். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. தமிழ் நாவல் நூறாண்டை நெருங்கிய 1977இல் ‘தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்’ வெளியாயிற்று. ‘தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்’ 1989இல் வந்தது. அப்போது சிவபாதசுந்தரத்திற்கு வயது 77. தமிழிலக்கியத்தைப் பாடமாக எடுக்கும் நம் மாணவர்கள் இன்றும் இந்த இரு நூல்களைத் தாண்டிச் செல்ல முடியாது. தமிழகம், ஈழம் என்ற எல்லைகளைக் கடந்து தமிழ் எழுத்தை ஒரே நிலப்பரப்பாகப் பார்க்கும் கண் அவருக்கு எப்படி வாய்த்தது? எல்லா நாட்டுத் தமிழருக்கும் ஒரே ஒலிவாங்கியில் பேசிப் பழகியவர் அல்லவா!

சோ. சிவபாதசுந்தரம் 2000ஆம் ஆண்டு மறைந்தார். அப்போது அவர் சூட்டிய பெயர் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து ஒலித்துக்கொண்டிருந்தது.

தமிழோசையின் நெடும் பயணம்

அவர் 1949இல் லண்டனை விட்டு வந்தபின் தமிழோசை பலர் கைகளில் வளர்ந்தது. சங்கரமூர்த்தி நீண்ட காலம் அதனை வழிநடத்தினார். நேயர்கள் அவரைச் ‘சங்கரண்ணா’ என்றே அறிவார்கள். ஆனந்தி சூரியப்பிரகாசம், விமல் சொக்கநாதன் போன்றோரின் குரல்கள் வீட்டு உறுப்பினரின் குரல்களைப்போல் ஆயின. இந்திய நேரப்படி இரவு 9.15க்குத் தொடங்கிய அரைமணி நேர ஒலிபரப்பில் செய்தி, பேட்டி, ஆய்வு, நேயர் கடிதம் எல்லாம் அடங்கின.

இலங்கைப் போர்க்காலத்தில் அதன் மதிப்பு பன்மடங்காயிற்று. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலமும் கிடைப்பதரிது. மக்கள் மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காது கொடுத்திருந்தார்கள். சுற்றுபவரின் கை ஓய்ந்தால் குரலும் ஓயும். உலகில் எந்த மொழி நேயரும் செய்திக்கு இதைவிடப் பெரிய விலை கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. 2009 பிப்ரவரியிலும் 2013 மார்ச்சிலும் இலங்கைப் பண்பலையில் தமிழோசை இடைமறிக்கப்பட்டதைக் காரணம் காட்டி, அந்நாட்டு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துடனான ஏற்பாட்டையே பிபிசி நிறுத்தி வைத்தது. ஒரு குரலை அடைக்க நினைப்பதே அக்குரலுக்கு ஆற்றல் இருப்பதற்குச் சான்று.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூரின் கிராஞ்சியில் 1979 முதல் 2023 வரை பிபிசியின் சிற்றலை அஞ்சல் நிலையம் இயங்கியது. ஆசியாவெங்கும் பிபிசியின் குரல் பரவ நம் தீவின் வடமேற்கு மூலையும் துணைநின்றது. இந்திய நேரம் 9.15 என்பது நமக்கு இரவு 11.45. பேராக்கில் செம்பனை ஆலையில் இரவு வேலை பார்த்த என் தாத்தா அந்த நேரத்திற்காகவே சிற்றலைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். ஆலையின் இரைச்சலுக்கு வெளியே வந்து, காவலர் கொட்டகையில் நின்று கேட்பாராம். அவருக்கு இலங்கையில் உறவில்லை. தமிழகத்தில் இருந்த உறவும் அறுந்துபோயிற்று. ஆயினும் கேட்டார். தமிழில் உலகச் செய்தி கேட்பது தனக்கு ஒரு மரியாதை என்று அவர் கருதியதாக என் அம்மா சொல்வார்.

அந்த மரியாதையின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில் கேட்ட காதுக்கு, இடைநிலைப்பள்ளியில் வாரத்தில் சில பாடவேளைகள்தாம் தமிழ். என் வயதுத் தமிழ் மாணவர்களுக்குத் தமிழில் பேசும் பொருள் வீட்டுச் சோறும் திரைப்படமும் என்ற அளவுக்குச் சுருங்கியது. காலையில் பேருந்தில் ஒலிக்கும் மின்னல் பண்பலைச் செய்தியில்தான் பொருளாதாரம், தேர்தல், நிலநடுக்கம் என்ற பெரிய விஷயங்களைத் தமிழில் கேட்டேன். ஒரு மொழி பாடநூலில் மட்டும் இருந்தால் அது தேர்வுக்குரிய மொழி. உலகத்தைப் பற்றி நாள்தோறும் பேசினால்தான் அது வாழும் மொழி. தாத்தா கொட்டகையில் நின்று காத்தது இதைத்தான்.

நம் கையில் உள்ள ஒலிவாங்கி

தமிழோசை வானொலி இன்று இல்லை. பிபிசி தமிழ் இணையத்திலும் காணொளியிலும் தொடர்கிறது. கிராஞ்சியின் சிற்றலைக் கோபுரங்களும் ஓய்ந்துவிட்டன. ஆனால் நம் பல்கலைக்கழகத்திற்கு அருகே, ஒன்-நார்த்தில் உள்ள மீடியாகார்ப் வளாகத்திலிருந்து ஒலி 968 நாள்தோறும் தமிழில் பேசுகிறது. கிளமெண்டியில் நான் தங்கியிருக்கும் வீட்டில் நண்பர்கள் இருவர் கைத்தொலைபேசியை வைத்தே வலையொலி பதிவு செய்கிறார்கள். 1947இல் லண்டன் செல்லக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. இன்று ஒலிவாங்கி நம் சட்டைப்பையில் இருக்கிறது.

கருவி வந்துவிட்டது, கலை வந்துவிட்டதா? பேரவையின் சொற்போர்களிலும் மேடை அறிவிப்புகளிலும் நாம் இன்னும் கட்டுரையை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறோம். அல்லது பேச்சுத்தமிழ் என்ற பெயரில் பாதி ஆங்கிலத்தைக் கொட்டுகிறோம். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தந்தது. அந்தக் கதவு நமக்குத் திறந்தே இருக்கிறது. சிறு வாக்கியம், தெளிவான வினைமுற்று, யாரையும் அந்நியராக்காத சொல், எதிரில் ஒருவர் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசும் பாங்கு. இவற்றைப் பழகுவதற்குப் பண்டிதராக வேண்டியதில்லை. எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் கேட்ட வானொலியைப் பற்றிக் கேளுங்கள். எந்த நேரம், எந்தக் குரல், எந்த நிகழ்ச்சி என்று கேட்டுக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். வானொலி காற்றில் எழுதப்பட்ட வரலாறு. கேட்டவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். சோ. சிவபாதசுந்தரம் நாவலுக்கும் சிறுகதைக்கும் வரலாறு எழுதினார். நேயர்களின் வரலாற்றை எழுதும் வேலையை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.